கேட்டால் குறைந்தா போவோம்?

"சார், புரோகிராம் வரலை."

முதலாண்டு லேபில் நான் அடிக்கடி சொன்னது இது. "என்னப்பா வரலை?" என்று ஆசிரியர் கேட்பார். பதில் தெரியாமல் நிற்பேன். பிறகு கேட்கவே கூச்சமாகிவிட்டது. வீட்டில் கேட்கலாம் என்றால், எங்கள் குடும்பத்தில் பள்ளி தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். ஒரே பிழையோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். படிப்பை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுத்தவர் கம்ப்யூட்டரையே தொடாத என் மாமா. திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்கு செராமிக் வேலைக்குப் போகிறவர். "பொம்மை வெடிச்சுப் போச்சுன்னா எவன்டா வழி சொல்லுவான்? விரிசலைக் கொண்டாந்து காட்டணும்" என்றார். விரிசலின் ஓரத்தில் கிளேஸ் உருகி மழுங்கியிருந்தால், சூளை சூடேறும்போதோ அதற்கு முன்போ வந்த விரிசல். ஓரம் கத்தி போல் கூராக இருந்தால், சூளை ஆறும்போது வந்தது.

புரோகிராமும் அப்படித்தான். சி மொழியில் 70, 75, 76 என்ற மூன்று மதிப்பெண்களுக்குச் சராசரி காண எழுதினேன். 73.67 வர வேண்டும்; 73.00 வந்தது. "தப்பா வருது" என்றால் ஆசிரியர் எல்லா வரியையும் படிக்க வேண்டும். இரண்டு எண்ணையும் சொன்னால், தசமம் மட்டும் தொலைந்தது உடனே தெரியும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி தசமத்தை வெட்டிவிடும். 3 என்பதை 3.0 என்று மாற்றினேன், சரியாகிவிட்டது.

நண்பர்களே, கேட்கும் முன் இந்த நான்கையும் தாளில் எழுதுங்கள்:

1. என்ன கொடுத்தேன்?
2. என்ன வர வேண்டும்?
3. என்ன வந்தது? (பிழைச் செய்தியை எழுத்து மாறாமல்)
4. இதுவரை என்ன செய்து பார்த்தேன்?

8-ஆம் வரியில் பிழை என்று வந்தால் 7-ஆம் வரியையும் பாருங்கள். அங்கே அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கலாம். அடுத்த வரிக்கு வந்த பிறகுதான் கம்பைலருக்கு அது தெரியும்.

எழுதும்போதே பல சமயம் விடை கிடைத்துவிடும். ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-ல் வெளியிட்ட 'தி பிராக்மாடிக் புரோகிராமர்' நூலில், ரப்பர் வாத்துப் பொம்மையிடம் புரோகிராமை வரி வரியாக விளக்கும் வழக்கம் வருகிறது. வாத்து பேசாது, சொல்லும்போதே தப்பு நமக்குப் பட்டுவிடும். விருத்தாசலம் பக்கத்தில் பொம்மைக்கா பஞ்சம்?

பொம்மையாலும் தீராததை ஆளிடம் கேளுங்கள். செல்போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் இந்த நான்கும் வேண்டும். அது தருவதைப் புரியாமல் காப்பியடித்தால் பரீட்சை ஹாலில் விழிக்க வேண்டியதுதான்.

'கேள்' என்றால் வினவு என்றும் பொருள், காதுகொடு என்றும் பொருள். திருக்குறளின் 42-ஆம் அதிகாரமான 'கேள்வி' காதால் கேட்டு அறிவதைத்தான் பேசுகிறது. இரண்டையும் செய்வோம்.

அடுத்த ஆண்டு ஒரு தம்பியோ தங்கையோ "அண்ணா, வரலை" என்று வந்து நின்றால் சிரிக்காமல், பக்கத்தில் உட்காரவைத்து இந்த நாலையும் கேட்போம்.