தார் பூசிய தேவாலயம்

நான் ரயில்வேயில் சேர்ந்த நாளில் தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டைதான். ஜல்லியில் தண்ணீர் நின்றால் கட்டை அடியிலிருந்து மக்கிவிடும், மாற்றி மாளாது. எனவே, நார்வேயின் லார்தால் பள்ளத்தாக்கில், போர்குண்ட் கிராமத்தில் 1180-ஐ ஒட்டிக் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது என்று படித்தபோது முதலில் நம்பவில்லை.

சூட்சுமம் அஸ்திவாரத்தில் இருக்கிறது. முந்தைய தலைமுறைத் தச்சர்கள் தூண்களைக் குழி தோண்டி மண்ணில் நட்டார்கள், அவை மக்கிப்போயின. போர்குண்டில் கல்வரிசையின் மேல் உத்தரங்களைக் கிடத்தி, அவற்றின் மேல் தூண்களை நிறுத்தினார்கள். மண் ஈரம் மரத்தைத் தொடுவதில்லை. வெளியே பைன் மரத் தார்ப் பூச்சு. நாங்கள் கட்டைகளுக்குக் கிரியோசோட் ஊட்டியதும் ஏறக்குறைய இதே வித்தைதான்!

மழைக்கும் பனிக்கும் தப்பிய கோயிலுக்குச் சட்டத்தால் ஆபத்து வந்தது. சபையாரில் பத்தில் மூவருக்காவது கோயிலில் இடம் வேண்டும் என்றது 1851-ஆம் ஆண்டுச் சட்டம். சிறிய மரக்கோயில்கள் பல இடிபட்டன. போர்குண்டிலும் 1868-இல் பக்கத்திலேயே புதுக் கோயில் எழுந்தது. பழையதை 1877-இல் விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது ஒரு சங்கம். ஓவியர் யோஹான் கிறிஸ்டியன் டால் முதலியோர் 1844-இல் தொடங்கிய புராதனச் சின்னப் பாதுகாப்புச் சங்கம் அது. சங்கம் என்றால் ஆண்டுவிழா மட்டுமல்ல, பாருங்கள்!

நார்வேயில் இத்தகைய கோயில்கள் இன்று 28 தான் மிச்சம். தார்ப் பூச்சும் ஒருமுறையோடு முடிவதில்லை. தெற்குச் சுவர் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடுவதால், தார் வாளி அந்தப் பக்கம்தான் அடிக்கடி போகிறது.