கராத்தே வகுப்பில் பிள்ளையை யார் பாதுகாப்பது?

பிள்ளை தன்னைத்தானே பாதுகாத்துக்கொள்ளட்டும் என்றுதான் கராத்தே வகுப்புக்கு அனுப்புகிறோம். அந்த வகுப்புக்குள் பிள்ளையை யார் பாதுகாப்பது என்று கேட்பதில்லை. பல வருடங்களாகக் கற்பிக்கும் எனக்கும் இக்கேள்வி தாமதமாகவே வந்தது.

ஒரு மாணவன் திடீரென வராமல் நின்றான். சோம்பல் என்று விட்டுவிட்டேன். மாதங்கள் கழித்தே அவனது உம்மா சொன்னார்: பயிற்சி என்ற பெயரில் மூத்த மாணவன் ஒருவன் அவனைத் தொடர்ந்து அடித்திருக்கிறான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "எல்லாவற்றுக்கும் தலை குனிந்து 'ஒஸ்' சொல்லத்தானே மாஸ்டர் பழக்கினீங்க" என்றார்.

தொடுவதும் பிடிப்பதும் எமது கலையின் பகுதி. கீழ்ப்படிதலும் அப்படியே. தவறு செய்பவர் ஒளிந்துகொள்வதும் இவற்றுக்குப் பின்னால்தான். ஆகவே நல்லெண்ணம் மட்டும் போதாது, எழுதிவைத்த விதிகள் வேண்டும்.

பெற்றோர் பார்க்கக்கூடிய இடத்தில் வகுப்பு நடக்க வேண்டும். மூடிய அறையில் தனிப் பயிற்சி கூடாது. தகவல்கள் பெற்றோரும் உள்ள வட்ஸ்அப் குழுவில் மட்டுமே வர வேண்டும். நிலையைத் திருத்தத் தொடுமுன் சொல்ல வேண்டும். வயதும் எடையும் பார்த்தே சோடி சேர்க்க வேண்டும். பிள்ளை 'போதும்' என்றால் அக்கணமே நிறுத்த வேண்டும். விசேட தேவையுடைய பெரியவர்களுக்கும் இவை பொருந்தும்; அவர்களின் மௌனம் சம்மதம் அல்ல.

பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் எழுந்தால், கழகத்தின் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் பேசி மூட வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

இப்போது எனது வகுப்பில் முதல் பாடம், 'வேண்டாம்' என்று உரத்துச் சொல்வது. மாஸ்டரிடமும்தான்.