எம். ஓ. டி. சோதனை

எம். ஓ. டி. சோதனை என்பது பெரிய பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகள் நிறைவடைந்த மகிழுந்துகள் ஆண்டுதோறும் தேறவேண்டிய சட்டப்படியான தகுதிச் சோதனை ஆகும். இது 1960 ஆம் ஆண்டு போக்குவரத்து அமைச்சால் தொடங்கப்பட்டது. அவ்வமைச்சின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே சோதனையின் பெயராயின. தொடக்கத்தில் பத்து ஆண்டுகள் கடந்த வண்டிகளின் பிரேக், விளக்கு, திசைமாற்றி ஆகியவை மட்டுமே சோதிக்கப்பட்டன. மூன்றாண்டு வரம்பு 1967 இல் நடைமுறைக்கு வந்தது.

பழைய சிறிய மகிழுந்துகள் பெரும்பாலும் சிறு குறைகளாலேயே தோல்வியுறுகின்றன. எரியாத விளக்கு, உடைந்த சுருள்வில், 1.6 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்த டயர்ப் பள்ளம் என்பன அவற்றுட் சில. துரு இவற்றினும் கொடியது. 1959 முதல் 2000 வரை உற்பத்தியான மினி மகிழுந்தில், பின்சக்கரங்களைத் தாங்கும் துணைச்சட்டகம் துருப்பிடிப்பது பெயர்பெற்ற குறையாகும்.

எஞ்சினின் தேய்மானம், கிளட்ச், கியர்பெட்டி ஆகியன இச்சோதனையில் அடங்கா. ஆகவே நேற்றுச் சான்றிதழ் பெற்ற வண்டி நாளை கிளட்ச் தேய்ந்து நின்றுவிடக்கூடும். வாங்குவோருக்குச் சான்றிதழைவிட, பதிவெண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய பழைய முடிவுகளே பயன்மிக்கவை. தேறிய வண்டிக்கும் சோதனையாளர் எச்சரிக்கைக் குறிப்பு எழுதுவதுண்டு. ஒரே துருவைப் பற்றிய குறிப்பு ஆண்டுதோறும் திரும்பவருமாயின், உரிமையாளர் அதனைச் சீர்செய்யவில்லை என்று கொள்ளலாம்.