ஐந்து விநாடி, 167 மீட்டர்

மாணவர்களே, முதலில் ஒரு சிறிய கணக்கு. செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கைகள் கொண்ட சிறிய விமானம் தரையிறங்க வரும்போது அதன் வேகம் சுமார் 65 நாட். அதாவது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இதை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 33.3 மீட்டர். விமானி ஐந்து விநாடி தம் கைப்பேசியைப் பார்த்தால், அதற்குள் விமானம் 167 மீட்டர் போயிருக்கும். அது ஒன்றரைக் காற்பந்துத் திடலைவிட நீளமான தூரம்.

நெடுஞ்சாலையில் ஓடும் காரும் இதே வேகத்தில்தானே போகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. காரில் ஆபத்து என்றால் வேகத்தைக் குறைப்போம். விமானத்தில் வேகம் அளவுக்கு மீறிக் குறைவதே ஆபத்து.

இறக்கை ஏன் கைவிடுகிறது?

விமானத்தைத் தாங்குவது இறக்கையில் உண்டாகும் தூக்குவிசை. வேகம் குறைந்தால் தூக்குவிசையும் குறையும். அதை ஈடுகட்ட விமானி விமானத்தின் மூக்கை உயர்த்துவார். அப்போது இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் இடையிலான கோணம் கூடும். அக்கோணம் சுமார் 15 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டெனக் குறையும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். இயந்திரம் நின்றுபோவது வேறு, இது வேறு. இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் ஏற்படலாம்.

திரும்பும்போது நிலைமை இன்னும் நெருக்கடியாகும். நேராகப் பறக்கையில் ஒரு விமானம் 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் அந்த எல்லை ஏறக்குறைய 60 நாட்டுக்கு உயரும். 65 நாட்டில் வரும் விமானத்துக்கு 15 நாட்டாக இருந்த பாதுகாப்பு இடைவெளி வெறும் 5 நாட்டாகிவிடும்.

ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பத்தின்போது சிறிய விமானம் பெரும்பாலும் 500 அடி உயரத்தில்தான், அதாவது சுமார் 150 மீட்டரில்தான் இருக்கும். அங்கே ஸ்டால் ஏற்பட்டு விமானம் சுழலத் தொடங்கினால் மீட்டெடுக்க உயரம் போதாது.

மூளை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கும்

ஒரு சோதனை செய்து பாருங்கள். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒரு செய்தியை வாசியுங்கள். எண் தடுமாறும், அல்லது படித்தது மனத்தில் நிற்காது. மூளை இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்வதில்லை; இரண்டுக்கும் இடையே தாவுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரிஸ் இருவரும் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காணொளியில் சிலர் பந்தை வீசிப் பிடிக்கிறார்கள். எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று பார்வையாளர்கள் எண்ண வேண்டும். இடையில் கொரில்லா உடை அணிந்த ஒருவர் நடுவே நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை! கண் திறந்திருந்தாலும் கவனம் வேறிடத்தில் இருந்தால் காட்சி மூளையில் பதியாது. சக்கரத்தை மடக்கி வைத்திருக்கும் சிறிய விமானங்களில், சக்கரம் இறங்கவில்லை என்று எச்சரிக்கை ஒலி அலறியும் விமானி வயிற்றுப்பகுதி உரசத் தரையிறங்குவது இதனால்தான்.

சாங்கியிலும் கொலராடோவிலும்

2010 மே 27-ஆம் தேதி டார்வினிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ஜெட்ஸ்டார் விமானம் சாங்கியில் தரையிறங்க இருந்தது. அந்த நேரத்தில் தலைமை விமானியின் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் வரும் ஒலி கேட்டது. அவர் அதை அணைப்பதில் ஈடுபட்டிருந்தார். சக்கரங்கள் உரிய நேரத்தில் இறக்கப்படவில்லை. விமானம் 500 அடிக்கும் கீழே வந்த பிறகு மீண்டும் மேலே எழுப்பப்பட்டது. பின்னர் பத்திரமாகத் தரையிறங்கியது. அங்கே துணை விமானி ஒருவர் இருந்தார்.

சிறிய தனியார் விமானத்தில் பெரும்பாலும் ஒரே விமானிதான். 2014 மே 31-ஆம் தேதி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செஸ்னா 150 விமானம் ஒன்று இருட்டில், தாழ்வான மேகங்களுக்கிடையே ஸ்டால் ஆகி விழுந்தது. விமானியும் ஒரு பயணியும் இறந்தனர். அதற்கு முந்தைய பயணத்தில் விமானி கைப்பேசியில் செல்ஃபி எடுத்ததை விமானத்தில் இருந்த கேமரா பதிவு செய்திருந்தது. தாழ்வாகப் பறக்கையில் கைப்பேசியால் கவனம் சிதறியிருக்கக்கூடும் என்பதை விபத்துக்குத் துணைக்காரணமாக விசாரணையாளர்கள் குறிப்பிட்டனர்.

அமைதி காக்கும் விதி

1981-இல் அமெரிக்கா ஒரு விதியைக் கொண்டுவந்தது. 10,000 அடிக்குக் கீழே பயண விமானங்களின் விமானிகள் பறத்தலுக்குத் தொடர்பில்லாத பேச்சையோ வேலையையோ வைத்துக்கொள்ளக் கூடாது. 1974-இல் சார்லட் நகரில் தரையிறங்கும்போது விழுந்த விமானத்தின் விமானிகள், அரசியலும் பழைய கார்களும் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இந்த விதி பொழுதுபோக்காகப் பறப்பவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் நல்ல விமானிகள் அதைத் தாமாகவே பின்பற்றுகிறார்கள். சரிபார்ப்புப் பட்டியலை வாசித்து எரிபொருள், சக்கரம், இருக்கைவார் என ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இடையில் தடை வந்தால் பட்டியலை முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஏதேனும் சரியில்லை என்றால் மீண்டும் மேலெழுந்து சுற்றி வருகிறார்கள். அது தோல்வியன்று, பயிற்சியின் ஒரு பகுதி.

நாளை நீங்கள் சிறிய விமானத்தில் பயணியாக அமரலாம். தரையிறங்கும் வேளையில் விமானியிடம் கதை பேசாதீர்கள், படம் பிடிக்கத் திரும்பச் சொல்லாதீர்கள். ஆனால் அருகே வேறொரு விமானத்தைக் கண்டால் உடனே சொல்லுங்கள். அப்பாவோ அக்காவோ காரைச் சந்திப்பில் திருப்பும்போதும் இதையே செய்யுங்கள். அவர்களுடைய கைப்பேசி ஒலித்தால், அதை வாங்கி வைத்துக்கொள்ளும் துணை விமானி நீங்கள்தான்.