கையுறையும் கடனும்

எஞ்சின் உறுப்புகளைக் கடைந்து விற்கும் தொழிற்சாலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அங்கு வாங்கும் உருக்கு, விளைபொருளாகவே மாறி வெளியே செல்கிறது. அது நேர்முகக் கொள்முதல். தொழிலாளி அணியும் கையுறை, பொறிக்கு இடும் எண்ணெய், அலுவலகத்துத் தாள் ஆகியவை விளைபொருளில் சேர்வதில்லை. எனினும் அவை இன்றி ஆலை ஓடாது. இவற்றை வாங்குவதே மறைமுகக் கொள்முதல்.

உருக்கு வாங்குங்கால் பொறியியலார் பன்முறை சோதிப்பர். கையுறைக்கோ, ‘பெட்டி என்ன விலை?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பள்ளிக்குத் தாள் வாங்கும்போது யானும் அவ்வாறே செய்திருக்கிறேன். ஆதலின் பிறரைக் குறைகூற எனக்கு முழுத் தகுதி இல்லை.

2017இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 20400 நிலைபேறான கொள்முதலுக்கு வழிகாட்டுவது. அது சான்றிதழ் வழங்கும் தரமன்று. ‘20400 சான்றிதழ் பெற்றோம்’ என்று ஒரு வணிகர் கூறினால் ஐயுறவேண்டும். தாளில் எப்.எஸ்.சி. முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கையுறையில் இஃது அத்துணை எளிதன்று. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, மலேசியக் கையுறை நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனங்கள் இரண்டின் சரக்கை நிறுத்திவைத்தது. சரக்கில் பழுதில்லை. கட்டாய உழைப்புப் பற்றிய ஐயமே காரணம். வெளிநாட்டுத் தொழிலாளர் வேலை பெறுவதற்கெனக் கடன்பட்டு வந்திருந்தமை அவ்வையத்துள் ஒன்று. நிறுவனம் ஆளெடுப்புக் கட்டணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பித் தந்தது; 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

ஆகவே வாங்குவோர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ‘உங்கள் தொழிலாளி இவ்வேலைக்கு வர யார் பணம் கட்டினார்?’ என்பதே. அவருடைய பாஸ்போர்ட் யாரிடம் உள்ளது என்பது அடுத்தது. விடையைத் தாளில் வாங்கி அமைந்துவிடலாகாது. தொழிலாளரைத் தனியே, அவர்தம் மொழியில் வினவவேண்டும்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. கங்காணி கொடுத்த முன்பணக் கடனோடு கப்பலேறியோர் நம் முன்னோருள் பலர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின், முதலாளிகளிடம் தண்டிய வரியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. ஆளெடுப்புச் செலவு முதலாளியுடையதே என்னும் இன்றைய நெறிக்கு அஃது ஒரு முன்மாதிரி. தோட்டத் துயர் அதனால் தீர்ந்ததா என்பது வேறு கதை.

குறை கண்டவுடன் கொள்முதலை அறுத்துவிடுவோரும் உளர். ஆலை மூடினால் தொழிலாளியின் வேலை போகும். ஊரில் பட்ட கடனோ அப்படியே நிற்கும். கட்டணத்தைத் திருப்பித்தரத் தவணை குறித்துக் கொடுத்து, அதற்கும் இணங்காத வணிகரை மட்டும் விலக்குவதே தக்கது.