கார்டு இருக்கு... கதவு எது?

ரெண்டு நாளா காய்ச்சல். ஹாஸ்டல் பக்கத்துல இருக்கிற கிளினிக்குக்குப் போய், வீட்டுல கொடுத்தனுப்பின முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டுறீங்க. 'இது இங்க செல்லாதும்மா'னு பதில் வருது. 'கவர்மென்ட் கொடுத்த கார்டு, எப்படிச் செல்லாது?'னு கோபம் பொத்துக்கிட்டு வருதா? கொஞ்சம் பொறுங்க பாஸ்! கார்டு நல்ல கார்டுதான். நீங்க தட்டின கதவுதான் வேற!

பெரிய செலவுக்குப் பெரிய கார்டு

தமிழ்நாட்டில் 2009-ல் ஆரம்பித்த அரசு காப்பீடு, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடும் இணைந்தது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனா, இது பெரும்பாலும் ஆபரேஷன், பெட்டில் சேர்த்துப் பார்க்கிற வைத்தியம் போன்றவற்றுக்கானது. சளி, காய்ச்சலுக்குத் தெருமுனை டாக்டரிடம் காட்டுற கார்டு இல்லை.

இன்னொரு விஷயம்... பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரி எல்லா வைத்தியத்துக்கும் பட்டியலில் இருக்கணும்னு அவசியமில்லை. கண்ணுக்குச் செல்லுகிற கார்டு, அதே இடத்தில் இதயத்துக்குச் செல்லாமல் போகலாம். அதனால அட்மிஷனுக்கு முன்னாடியே, 'இந்த வைத்தியத்துக்கு, இந்த ஆஸ்பத்திரியில கார்டு செல்லுமா?'னு காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்க. 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். 'முதல்ல கட்டிடுவோம், அப்புறம் பில்லைக் காட்டி வாங்கிக்கலாம்'ங்கிற கணக்கு மட்டும் வேண்டாம். இது பணம் கட்டாமலே வைத்தியம் பார்க்கிற திட்டம்!

காய்ச்சலுக்கும் ஒரு கார்டு!

அப்பாவோ அம்மாவோ மில், கம்பெனி, கடைனு வேலை பார்க்கிறாங்களா? சம்பள ரசீதில் இ.எஸ்.ஐ. பிடித்தம்னு ஒரு வரி இருக்கா, பாருங்க. சம்பளத்தில் 0.75 சதவிகிதம் போகும். முதலாளி பங்கு 3.25 சதவிகிதம். இந்தக் காசுதான் உங்க வீட்டு ஃபேமிலி டாக்டருக்கான ஃபீஸ். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கவும், மாத்திரை வாங்கவும் தனியா பணம் தர வேண்டாம். சில ஊர்களில் தனியார் டாக்டர்களே இ.எஸ்.ஐ. பட்டியலில் இருப்பாங்க.

பசங்க கவனிங்க... பெற்றோர் சம்பாத்தியத்தை நம்பிப் படிக்கிற மகனுக்கு 21 வயசு வரைதான் இந்தச் சலுகை. அப்பாவை நம்பி இருக்கிற மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரை. அதுக்கும் உங்க பெயர் அவங்க இன்ஷூரன்ஸ் நம்பரில் ஏறியிருக்கணும். 'ஆபீஸ்ல என் பெயரைச் சேர்த்தாச்சா?'னு இன்னிக்கே போன் போட்டுக் கேளுங்க. வெளியூரில் தங்கியிருந்தா, அதையும் குறிப்பிடச் சொல்லுங்க.

கார்டே இல்லையா?

கவலையை விடுங்க! ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரும் கார்டு கேட்க மாட்டாங்க. டவுனில் படிக்கிறவங்களுக்கு 2023-ல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் இருக்கு. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. கிளாஸ் கட் அடிக்காமலே டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்! சந்தேகம் கேட்க 104. அவசரத்துக்கு 108.

சும்மா கிடைக்கிற வைத்தியம் எப்படி இருக்குமோனு தயங்கித்தான் பலரும் கிளினிக்கில் காசைக் கொட்டுறோம். மெஸ் பில் கட்ட வெச்சிருந்த பணம் ஊசிக்கும் டானிக்குக்கும் போயிடுது. ஊரில் அப்பா மறுபடி கடன் வாங்குறார். இ.எஸ்.ஐ. மருந்தகம் அவர் உழைப்பில் நடக்குது. சுகாதார நிலையம் நம்ம வரிப்பணத்தில் நடக்குது. தைரியமா உள்ளே போங்க!

இன்னிக்கு ராத்திரி ஒரு சின்ன ஹோம்வொர்க். வீட்டில் இருக்கிற கார்டுகளை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எது பெட்டுக்கு, எது காய்ச்சலுக்குனு எழுதி வெச்சுக்கோங்க. உடம்பு நல்லா இருக்கும்போது தேடினாத்தான் கதவு சட்டுனு கண்ணுல படும்!