எருக்குழிக்கு முன் குப்பையைப் பிரித்தல்

வீட்டுக் குப்பையும் சாணமும் சாம்பலும் ஒரே குழியிலிட்டு மட்கச் செய்வது நமது குடியானவர்களின் பழைய வழக்கம். முற்காலக் குப்பையில் மட்காத பொருள் அரிது. ஆகையால் பிரிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இப்பொழுதோ அதே குழியில் பாலிதீன் பை, உடைந்த கண்ணாடி, பழைய பாட்டரி யாவும் விழுகின்றன.

சர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் பரிசோதித்து வகுத்த முறைப்படி சாணத்தையும் தழையையும் அடுக்கி, ஈரம் காத்துக் கிளறிவந்தால், குவியலில் சுமார் 60 டிகிரி சென்டிகிரேடு வரை உஷ்ணம் எழும். அதில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மடியும். ஆனால் சிலவகைப் பாட்டரிகளிலுள்ள ஈயமும் காட்மியமும் இவ்வுஷ்ணத்தால் அழிவன அல்ல. அவை எருவோடு நிலத்தில் தங்கி, கீரையிலும் ஏறக்கூடும்.

கால்நடைக்கு நேரும் கேடு கண்கூடானது. எஞ்சிய சோற்றைப் பையில் முடிந்து எறிந்தால், பசு முடிச்சை அவிழ்த்துத் தின்பதில்லை, பையோடு விழுங்கிவிடும். அது இரைப்பையில் செரியாமல் திரண்டு நிற்க, பசு அசைபோடுதல் குறைந்து மெலியும். முற்றினால் வயிற்றைக் கீறி எடுப்பதன்றி வழியில்லை. கறவைப் பசுவின் விலை எங்கே, ஒரு கூடையின் விலை எங்கே!

கலந்த குப்பையைக் குழியருகே பிரிப்பது வீண் சிரமம். அடுப்பங்கரையிலேயே மட்குவதற்கொரு கூடை, மட்காததற்கொரு கூடை வைத்தல் எளிது. பாட்டரி, ஊசி, மருந்துப் புட்டி ஆகியவற்றைத் தனியே சேர்த்துவைக்க வேண்டும். கிராம அதிகாரிகள், மட்காததை எரிக்கவிடாமல், ஊராட்சி வண்டி அதைத் தனியாகவே ஏற்றிச் செல்கிறதா என்பதையும் கவனித்துவருவது நலம்.